கொல்லிமலையில் காணாமல் போன குறுக்குக் கம்பி

"மேடம், ஒரு இரும்புக் கம்பிக்காக எங்கப்பா என் கல்யாணத்தையே நிறுத்தப் போறாருங்க!"

காலையில் போனில் சங்கீதா அழுதது இவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு மணிமேகலை பையைத் தூக்கினாள், பிரேம் பின்னால் ஓடினான். கொல்லிமலை பஸ்ஸின் கடைசி வளைவு முடிந்தபோதுதான் அவன் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

"மேடம், நான் உயிரோடதான் இருக்கறனா?"

"பேசறயல்ல? அப்ப இருக்கற. எறங்கு."

நாமக்கல்லில் முட்டை மொத்தக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது மணிமேகலை துப்பறியும் நிலையம். அதைத் தொடங்குவதற்கு முன் அவள் தனியார் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்தாள். தூங்குவதுபோல் நடிப்பவன் யார், நிஜமாகவே தூங்குபவன் யார் என்று படிக்கட்டில் கால் வைக்கும்போதே சொல்லிவிடுவாள் என்று டிரைவர்கள் இன்றும் பேசிக்கொள்வார்கள். பிரேம் அவளுடைய உதவியாளன். அவள் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவனுக்குக் கொடுத்த முக்கியமான வேலை. அந்த ஒரு வேலையை மட்டும் அவனால் இதுவரை உருப்படியாகச் செய்ய முடிந்ததில்லை.

கொல்லிமலையில் சில கிராமங்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். வாழவந்தி நாட்டில், பள்ளத்தை எட்டிப் பார்க்கும் ஒரு பாறைமேட்டில் சினிமாப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் நின்றுபோயிருந்தது. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. யூனிட் ஆட்கள் ஆளுக்கொரு மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

லைட் யூனிட்டுக்குத் தலைவர் அப்பாசாமி. சங்கீதாவின் அப்பா. ராசிபுரத்துக்காரர். மீசையைப் பார்த்தால் கோபக்காரர் என்று தெரியும், கிட்டே போனால் மீசை குறைத்துச் சொல்லியிருக்கிறது என்று தெரியும்.

"வாங்க. எம்பொண்ணு கூப்பிட்டாளாக்கும்? வந்தது வந்தீங்க, பாத்துட்டுப் போங்க. இதான் திருட்டுப் போன எடம்."

மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று பாறை விளிம்பில் மொட்டையாக நின்றது. ஒரு காலின் மேல் மணல் மூட்டை.

"இதுக்கு மேல என்ன இருந்துச்சுங்க?" என்றாள் மணிமேகலை.

"குறுக்குக் கம்பிங்க. கறுப்புப் பெயிண்ட் அடிச்ச இரும்பு. ஸ்டாண்டு தலையில குறுக்கால மாட்டுனா மேல நாலு முளை நிக்கும். முளைக்கு ஒரு லைட். ஒரே ஸ்டாண்டுல நாலு லைட்டு."

"நாலு லைட்டுக்கு நாலு ஸ்டாண்டு வெச்சாப் போச்சு," என்றான் பிரேம்.

அப்பாசாமி அவனைப் பாறை விளிம்புக்கு அழைத்துப் போய்க் கீழே காட்டினார். பிரேம் இரண்டடி பின்னால் வந்தான்.

"கதாநாயகி நிக்கற பாறைக்குப் பக்கத்துல ஒரு ஸ்டாண்டு நிக்கத்தான் எடம். மத்த மூணையும் அந்தப் பள்ளத்துல போயி நீங்க புடிச்சுட்டு நிப்பீங்களா? சாயங்காலம் பனிமூட்டம் எறங்கும். அப்ப நாலு லைட்டும் ஒரே எடத்துல இருந்து அடிச்சாத்தான் மூட்டத்துக்குள்ள சூரியன் உதிக்கற மாதிரித் தெரியும். கதாநாயகி இன்னைக்கு ராத்திரி ஊருக்குப் போறாங்க. கம்பி இல்லீன்னா சூரியன் இல்லீங்க."

"கடைசியா மாட்டுனது யாருங்க?"

அப்பாசாமி திரும்பாமலே கட்டைவிரலைப் பின்னால் காட்டினார். "அந்தப் பையன்."

அந்தப் பையன் பெயர் யுவராஜ். அவருக்குக் கீழே வேலை செய்யும் லைட்மேன். வருகிற மாசி மாதம் சங்கீதாவின் கழுத்தில் தாலி கட்டவேண்டியவன். நாள் குறித்ததிலிருந்து அவனைப் பெயர் சொல்லியும் கூப்பிடாமல், மாப்பிள்ளை என்றும் கூப்பிடாமல், 'அந்தப் பையன்' என்று ஒரு பாலத்தின் நடுவில் நிறுத்திவைத்திருந்தார் அப்பாசாமி. இப்போது அந்தப் பாலத்தையும் இடிக்கப் போகிறார்.

"காத்தால நான்தானுங்க மாட்டுனேன். இட்லி திங்கப் போயிட்டு வந்து பாத்தா இல்லீங்க," என்றான் யுவராஜ். அவன் கண் கலங்கியிருந்தது.

"தனியா லைட் கம்பெனி வெக்கப் போறேன்னு போன மாசம் சொன்னவன் யாரு? கம்பெனிக்கு மொதல் சாமானு எங்கிட்ட இருந்தே எடுத்துட்டியா?" அப்பாசாமியின் குரல் உயர்ந்தது. "நாலு லைட்டு ஏத்தறது ஒத்தை ஆள் வேலை இல்லீங்க மேடம். ஒரு பக்கம் மட்டும் ஏத்துனா ஸ்டாண்டு சாஞ்சு போயிரும். ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் நின்னு ஒண்ணாத் தூக்கி ஒண்ணா வெக்கோணும். எதுத்தாப்பல நிக்கறவன் மேல நம்பிக்கை வேணும். நம்பிக்கை இல்லாதவனுக்கு லைட்டையே குடுக்க மாட்டேன், பொண்ணைக் குடுப்பனா? சாயங்கால பஸ்ஸுக்குள்ள கம்பி வந்தாச் சரி. இல்லீன்னா அந்தப் பையன் பஸ்ஸேறிக்கலாம், கல்யாணமும் கூடவே போயிரும்."

மணிமேகலை ஸ்டாண்டின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். கம்பியை இறுக்கும் திருகு, கம்பி இல்லாமலேயே கெட்டியாக முறுக்கி வைக்கப்பட்டிருந்தது.

"பிரேம், இதைக் கவனி. திருட வந்தவன் அவசரத்துல இருப்பான். திருகைக் கழட்டுனவன் அதை மறுபடி முறுக்கி வெச்சுட்டுப் போவானா? இது தொழில் பழக்கம். எடுத்தவன் கண்டிப்பா ஒரு லைட்மேன்!"

"பாத்தீங்களா!" என்று அப்பாசாமி தொடையில் தட்டினார். யுவராஜ் மணல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"அருமை மேடம்," என்றான் பிரேம் மெதுவாக. "காப்பாத்த வந்த ஆளையே கையும் களவுமாப் புடிச்சுக் குடுத்துட்டோம். அடுத்து சங்கீதாவையும் உள்ள தள்ளிட்டா மத்தியான பஸ்ஸுக்கே கெளம்பிரலாம்."

இயக்குநர் அருள்மொழி கூப்பிடுவதாக ஆள் வந்தது. மேட்டின் ஒரு மூலையில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு கூடாரம். அதற்குள்தான் மானிட்டரை வைத்துக்கொண்டு இயக்குநர் உட்கார்ந்திருப்பார். அப்பாசாமி பத்தடி தள்ளியே நின்றுகொண்டார்.

"நீங்க போங்க. நாங்க யாரும் கிட்டப் போகக் கூடாது. அவருக்கு அது ஒரு சென்டிமென்ட். எந்த ஊருல ஷூட்டிங்கோ அந்த ஊருக்காரன் கைதான் கூடாரம் கட்டோணும். யூனிட் ஆளு விரல் பட்டாப் படம் ஊத்திக்குமாம்."

"இதுக்கு முந்தின படம் எப்படிங்க ஓடுச்சு?" என்று பிரேம் கேட்டான்.

"ஊத்திக்கிச்சு. அதுல யாரோ ஒருத்தன் தொட்டுட்டானாம்."

கூடாரத்துக்குப் பின்பக்கம் மலைக்காரர் ஒருவர் இரண்டு கையாலும் ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் வெறும் பாறை. முளைக்குச்சி அடிக்க முடியாததால் ஆளையே முளைக்குச்சியாக நிறுத்தியிருந்தார்கள். பிரேமைப் பார்த்ததும் அவர் புருவத்தைத் தூக்கி, முகவாயை மேலே ஆட்டினார்.

"சாப்பிட்டாச்சுங்க," என்றான் பிரேம் மரியாதையாக.

அவர் மறுபடியும் முகவாயை இன்னும் பலமாக மேலே ஆட்டினார்.

"நெசமாத்தாங்க. பஸ்ஸுல ரெண்டு வடை."

கூடாரத்துக்குள் கும்மிருட்டு. மானிட்டர் வெளிச்சத்தில் இயக்குநரின் வழுக்கைத் தலை மட்டும் மின்னியது. அதன்மேல் 'டொக்' என்று ஒரு சொட்டு விழுந்தது. அவர் நாற்காலியை ஒதுக்கினார். அடுத்த சொட்டு அவருடைய டீ கிளாஸில் விழுந்தது. உட்கார்ந்த பிரேமின் கழுத்துக்குள் ஒன்று இறங்கியது.

"என் நேரத்தைப் பார்த்தீங்களா?" என்றார் இயக்குநர். "நேத்து இதைவிடப் பெரிய மழை. ஒரு சொட்டு உள்ளே வரலை. இன்னைக்குத் தூறலுக்கே ஒழுகுது. அதுவும் நான் எங்கே நகர்ந்தாலும் எனக்கு முன்னாடி அங்கே போய் ஒழுகுது. போதாக்குறைக்கு ஒரே ராத்திரியில குண்டாயிட்டேன்."

"எப்படிங்க சொல்றீங்க?" என்றாள் மணிமேகலை.

"நேத்து காலை நீட்டி உட்கார்ந்தேன். இன்னைக்கு முட்டி இடிக்குது. உள்ளூர்ப் பலாப்பழம் ஆகலை எனக்கு." அவர் பெருமூச்சு விட்டார். "அதை விடுங்க. கம்பியைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க. எனக்குச் சூரியன் வேணும்."

மணிமேகலை டீ கிளாஸையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தாள்.

வெளியே யுவராஜ் ஓடி வந்தான். அழுது முடித்ததில் அவனுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்திருந்தது. "மேடம், இட்லி தின்னுட்டுக் கை கழுவறப்ப ஒரு அம்மா மொபெட்டுக்குப் பின்னால உக்காந்து போனாங்க. தோள்மேல நீட்டமா ஏதோ, சாக்குல சுத்தி வெச்சிருந்தாங்க. எடப்புளி நாட்டுப் பக்கமாப் போனாங்க."

"கதை விடறான்," என்றார் தூரத்திலிருந்து அப்பாசாமி.

"கதையா இல்லையான்னு போய்ப் பாத்துட்டு வாரோம்," என்றாள் மணிமேகலை.

யூனிட் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வழியெல்லாம் பிரேம் நிறுத்தி விசாரித்தான். மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், கேள்வி முடியும் முன்பே கையைக் காட்டினார்.

"சாக்கு சுத்துன நீட்டமான சாமானுங்களா? நம்ம பொன்னம்மா. எம்மண்டையில இடிக்காத கொறையாப் போச்சு. அந்தா தெரியுதல்லங்க, மிளகுத் தோட்டம், அங்க இருக்கும்."

சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஆள் உயரத்துக்கு மேல் படர்ந்திருந்தது. ஒரு மரத்தடியில் சாக்குக் கிடந்தது. சாக்குக்குள் ஒன்றுமில்லை. அதைக் கண்டதும் பிரேமுக்குள் தூங்கிக்கொண்டிருந்த வீரம் விழித்துக்கொண்டது. மரத்தின்மேல் சாய்ந்து நின்ற நீண்ட சாமானைக் கொடிக்குள் கைவிட்டு இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான்.

"மாட்டிக்கிச்சு மேடம்! கம்பி மாட்டிக்கிச்சு!"

மேலேயிருந்து ஒரு கூடை மிளகுக் கொத்து அவன் தலையில் கொட்டியது. அதற்கும் மேலே, கிளைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க சாமி, ஏணிமேல ஆளு நிக்கறது கண்ணு தெரியலீங்களா?"

பிரேம் கையிலிருந்ததைப் பார்த்தான். மூங்கில். கணுவுக்குக் கணு கால் வைக்க ஒரு முண்டு விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில் ஏணி. மிளகு பறிக்க மலையில் வீட்டுக்கு வீடு வைத்திருப்பது. பொன்னம்மாள் இறங்கி வந்து, தலையில் மிளகோடு நின்றவனைப் பார்த்தாள். அவளுக்குத் திட்டத் தோன்றவில்லை. சிரிப்பு வந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க," என்றாள் மணிமேகலை. "காலையில ஷூட்டிங் நடக்கற பாறைப் பக்கமிருந்து இதைத்தான் எடுத்துட்டு வந்தீங்களா?"

"ஆமாங்க. எங்கூட்டு ஏணிதானுங்க. மாதன் எங்கூடப் பொறந்தவன். சினிமாக்காரருக்குக் கூடாரம் போடோணும், ரெண்டு கவைக்குச்சிக்கு மேல குறுக்கால வெக்க நீட்டமா ஒண்ணு வேணும்னு முந்தாநேத்து வாங்கிட்டுப் போனான். இன்னைக்குன்னு பாத்து மிளகு பறிக்க ஆளு சொல்லிட்டேன். விடிஞ்சதும் போயி உருவிட்டு வந்துட்டேனுங்க. அவன் கத்துனான். எனக்கு மிளகுதான முக்கியம்? முண்டு குத்தாம இருக்க அவன் சாக்கு சுத்தி வெச்சிருந்தான், அப்படியே கொண்டாந்துட்டேன்."

திரும்பும் வழியில் பிரேம் சட்டைக்குள்ளிருந்து மிளகைப் பொறுக்கி எறிந்துகொண்டே வந்தான். "முடிஞ்சுது மேடம். ஒரே ஒரு துப்பு இருந்துச்சு, அதுவும் ஏணியாப் போச்சு. சங்கீதாகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிக்கோங்க."

"பிரேம், கூடாரத்துக்குள்ள உன் கழுத்துல எத்தனை சொட்டு விழுந்துச்சு?"

"எண்ணலீங்க மேடம். நெளிஞ்சுட்டு இருந்தேன்."

"மழையில குடை புடிச்சுட்டுப் போறப்ப, உள்ள இருந்து துணியை விரலால தொட்டா என்ன ஆகும்?"

"தொட்ட எடத்துல ஒழுகும். சின்னதுல அதுக்காகவே தொடுவேன்."

"வேகமா ஓட்டு," என்றாள் மணிமேகலை. அவள் முகத்தில், டிக்கெட் எடுக்காதவனைக் கடைசி சீட்டில் பார்த்துவிட்ட களை வந்திருந்தது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது தூறல் விட ஆரம்பித்திருந்தது. கீழே பள்ளத்தில் மூட்டம் வெள்ளையாகத் திரண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. யுவராஜ் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி நின்றான். மறுமுனையில் சங்கீதா அழுதுகொண்டிருக்கிறாள் என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"போனை வைக்காதப்பா," என்றாள் மணிமேகலை. "அந்தப் புள்ளையும் கேக்கட்டும். பிரேம், நாலு டீ கிளாஸ் வாங்கிட்டு வா. காலியா."

கூடாரத்துக்குள் போனாள். இயக்குநர் இப்போது தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொட்டு விழும் இடத்துக்கெல்லாம் மணிமேகலை ஒரு கிளாஸை வைத்தாள். துணியில் தேங்கிய தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. 'டொக், டொக்' என்று நாலு கிளாஸிலும் விழுந்தது. அவள் கூடாரத் துணியை ஒரு பக்கம் தூக்கிவிட்டாள்.

"அப்பாசாமியண்ணா, அங்கிருந்தே பாருங்க. இந்த நாலு கிளாசும் எப்படி இருக்குது?"

"நேரா ஒரே வரிசையா இருக்குது."

மணிமேகலை முழங்கையை மடக்கித் தரையில் வைத்து அளந்தாள். "கிளாசுக்குக் கிளாசு ஒண்ணரை முழம். உங்க கம்பியில லைட்டுக்கு லைட்டு எவ்வளவு தூரம் விடுவீங்க?"

அப்பாசாமியின் மீசை மெல்ல இறங்கியது. "ஒண்ணரை முழமுங்க. அதுக்குக் கொறைஞ்சா ஒரு லைட்டுக்கு முன்னால இருக்கற தகரக் கதவு இன்னொண்ணுல இடிக்கும்."

"நேத்து கூடாரம் ஒழுகலை. ஏன்னா மேல இருந்தது சாக்கு சுத்துன மூங்கில் ஏணி, எதுவும் துணியைக் குத்தலை. இன்னைக்கு விடிகாலையில பொன்னம்மா அதை உருவிட்டுப் போயிட்டாங்க. உருவுன பின்னாடியும் கூடாரம் நிக்குது. எது மேல நிக்குது? நாலு முளை இருக்கற ஒரு சாமான் மேல. நாலும் துணியைத் தொடுது, நாலு எடத்துல ஒழுகுது. ஏணியைவிட அது கொஞ்சம் குட்டை. அதனால கூடாரம் சின்னதாப் போச்சு. சார், நீங்க குண்டாகலை."

"அப்பாடா!" என்றார் இயக்குநர். கம்பியைவிட அதுதான் அவருக்குப் பெரிய சேதியாக இருந்தது.

"இருட்டுல கறுப்புத் துணிக்குக் கீழ கறுப்புக் கம்பி. உள்ள இருந்தவரு மானிட்டரை விட்டுத் தலையை நிமித்தலை. அண்ணாந்து பாத்தா அடையாளம் தெரியற லைட்மேன் ஒருத்தரையும் இவரு கிட்ட விடலை." மணிமேகலை கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். "மாதண்ணா, நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

கயிற்றைப் பிடித்திருந்த மாதன் இயக்குநரைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார். முகவாயை மேலே ஆட்டினார்.

"ஐயோ!" என்றான் பிரேம். "காலையில இருந்து கம்பியத்தான் காட்டிட்டு இருக்கீங்களா?"

"பேசுங்க, பேசுங்க," என்றார் இயக்குநர்.

"நீங்கதானுங்க சொன்னீங்க," மாதனின் குரல் துருப்பிடித்து வந்தது. "கயித்தை விடக் கூடாது, வாயைத் தொறக்கக் கூடாது, சத்தம் மைக்குல ஏறீரும்னு. அக்கா ஏணிய உருவிட்டுப் போனா. நீங்க வரதுக்குள்ள கூடாரம் நிக்கோணும். பக்கத்துல நல்ல கம்பி ஒண்ணு சும்மா இருந்துச்சு, லைட்டு ஒண்ணும் இல்லை. எடுத்து வெச்சேன். அப்பறமேட்டுக்குச் சொல்லலாம்னா வாயைத் தொறக்க உத்தரவு இல்லீங்க."

"திருகை எதுக்குங்க முறுக்கி வெச்சீங்க?" மணிமேகலையின் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"கழட்டுனா மூடி வெக்கோணுமில்லீங்க? மழைத்தண்ணி உள்ள போயிருமில்ல?"

பிரேம் இருமினான். "கண்டிப்பா ஒரு லைட்மேன், மேடம்."

"சரி, சரி. மாதண்ணா, கயித்தை விடுங்க."

"வேண்டாம், நான் உள்ளே..." என்று இயக்குநர் எழுவதற்குள் மாதன் விட்டார். காலையிலிருந்து பிடித்திருந்த கை, உத்தரவு வந்ததும் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கம்பி வழுக்கிக்கொண்டு வெளியே வந்து புல்லில் விழுந்தது. கறுப்புத் துணி இயக்குநரின் மேலும் மானிட்டரின் மேலும் நிதானமாக இறங்கி மூடியது. உள்ளேயிருந்து, "மூட்டம் வந்துடுச்சா? ஒண்ணும் தெரியலையே!" என்று ஒரு சத்தம் கேட்டது.

மூட்டம் நிஜமாகவே வந்துகொண்டிருந்தது. தூறல் நின்றிருந்தது. அப்பாசாமி ஓடிப்போய்க் கம்பியை எடுத்து ஸ்டாண்டின் தலையில் மாட்டித் திருகை முறுக்கினார். பெரிய லைட் ஒன்றைத் தூக்கி இடது பக்கம் நின்றார். நின்றவர் அப்படியே நின்றார். வலது பக்கம் ஆள் இல்லை. யூனிட்டில் இரண்டு மூன்று பேர் முன்னால் வந்தார்கள். அவர் தலையை ஆட்டினார்.

யுவராஜ் தோளில் பையோடு அங்கேயே நின்றான். கூப்பிடாமல் போவதற்கு அவனுக்கும் ரோஷம் இருந்தது.

கையில் லைட்டின் கனம், முகத்தில் எல்லோருடைய கண்ணும். அப்பாசாமி இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். பிறகு மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"மாப்ளே! அங்க என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கறீங்க? அக்கட்டப் புடிங்க, கை போவுது!"

பையும் போனும் கீழே விழுந்தன. அந்தப் பக்கம் யுவராஜ், இந்தப் பக்கம் அப்பாசாமி. பெரிய லைட் இரண்டும் நடுவில் ஒன்றாக ஏறின. சின்னது இரண்டும் ஓரத்தில் ஒன்றாக ஏறின. ஸ்டாண்டு இம்மிகூட அசையவில்லை. புல்லில் கிடந்த போனிலிருந்து, "என்னங்க சொன்னாரு? எங்கப்பா இப்ப என்னன்னு கூப்பிட்டாரு?" என்று சங்கீதா கத்திக்கொண்டே இருந்தாள். நாலு லைட்டும் ஒன்றாக எரிந்தபோது மூட்டத்துக்குள் ஒரு சூரியன் மஞ்சளாக எழுந்தது. மணிமேகலை யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டேக் போகலாம்!" என்று துணிக்குள்ளிருந்து வெளிப்பட்ட இயக்குநர் அலறினார். "ஆனா வெளிச்சத்துல மானிட்டர் தெரியலையே! கூடாரத்தைத் தூக்குங்க! உள்ளூர்க் கைதான் தூக்கணும். மாதன்?"

மாதன் இரண்டு கையையும் உதறிக் காட்டினார். விரல்கள் கயிற்றைப் பிடித்த மாதிரியே மடங்கி நின்றன.

இயக்குநரின் கண் சுற்றிச் சுழன்று பிரேமிடம் வந்து நின்றது. "தம்பி, எந்த ஊரு?"

"நாமக்கல்லுங்க. வெளியூருங்க. நாங்க கெளம்பறோம்."

"கொல்லிமலை எந்த மாவட்டம்?"

பிரேம் மணிமேகலையைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"நாமக்கல் மாவட்டந்தான்," என்றாள்.

"அப்போ உள்ளூர்தான்! துணியை ரெண்டு கையால தலைக்கு மேலே தூக்கிப் பிடிங்க. கையை இறக்கக் கூடாது. முக்கியமா வாயைத் திறக்கக் கூடாது."

டேக் ஆரம்பித்தது. மலையே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி அமைதி. பிரேம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, துணி தலைக்கு மேல் கனக்க, பல்லைக் கடித்து நின்றான். சட்டைக்குள் மிச்சமிருந்த ஒரு மிளகு முதுகில் உருண்டது. ஆயுளில் முதல் தடவையாக, சொல்ல நூறு விஷயம் இருந்தும் அவன் வாய் மூடியிருந்தது.

எதிரே மாதன் மரத்தில் சாய்ந்து சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். பிரேமுடைய புருவம் தவிப்போடு மேலே போனது. முகவாயும் போனது.

மாதன் அவனை அன்போடு பார்த்தார். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

"சாப்பிட்டாச்சுங்க."